மரக் கிண்ணம் விற்றுப்போன பிறகு

அன்று மழை வரும்போல இருந்தது என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் அந்தக் கொட்டகையின் கூரை இடுக்கு வழியே வெயில் பட்டை பட்டையாக இறங்கி, முந்திரிக் குவியலின் மேல் கிடந்ததும் நினைவில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்குமா, தெரியவில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்பதும் அப்படித்தான். வருஷம் போகப் போக ஒருவர் பேச்சு இன்னொருவர் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. காலையில் ஆசையாக வாங்கிய மரக் கிண்ணத்தைச் சின்னவன் மத்தியானத்துக்கு முன்னாலேயே விற்றுவிட்டான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சின்னவனுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் அக்கா அப்படிக் கூப்பிட்டாள். அக்கா கூப்பிட்டதைக் கேட்டு அக்காவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டதைக் கேட்டுப் பால் போடுகிறவர்கூட "சின்னவரே" என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

அக்காவின் வீட்டுக்காரருக்கும் ஒரு பெயர் உண்டு. தராசு. அது கடைக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அவர் எடையளவு ஆய்வாளர். உள்ளே வெல்வெட் ஒட்டிய பெட்டியில் பித்தளை எடைக்கற்களை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். கல்லை விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். தட்டில் வைப்பார், எண்ணைப் பார்ப்பார், எடுத்துவிடுவார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் அபராதம். கடைக்காரர் காபி வரவழைத்தாலும் சரி, கண்ணைக் கசக்கினாலும் சரி, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை அதிகமாக வராது. பேசப் பேசத்தான் சிக்கல் என்பது அவர் கண்டது. அது வேலையில் வந்த பழக்கமா, கூடப் பிறந்த குணமா என்று தெரியாது. வீட்டிலும் அவர் அப்படித்தான்.

வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி உண்டு. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன யோசிக்கிறீங்க?" என்று மனைவி கேட்பாள்.

"ஒண்ணும் இல்ல."

அது பொய் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததற்காகத்தான் அவர் நாள் முழுக்கக் காத்திருந்தார். அவளும் அதைப் புரிந்துகொண்டு, விளக்கைப் போடாமல், சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருபது வருஷத்தில் அந்த அமைதிக்கு ஒரு வடிவமே வந்திருந்தது.

சின்னவன் அந்த அறையில் படுக்கையை விரித்த நாளோடு அது போயிற்று. அதற்கு முன்னால் அவன் செல்போன் உறை விற்றிருந்தான். மீன் தொட்டி செய்து கொடுத்திருந்தான். யாரோ ஒரு கூட்டாளியை நம்பிச் சலவைக்கடை வைத்து, கூட்டாளி இஸ்திரிப் பெட்டியோடு காணாமல் போனதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றான். நாலு நாள் நீண்டு இரண்டாவது வருஷத்துக்குள் நுழைந்திருந்தது. அவன் நல்லவன்தான். அதுதான் தொல்லை, அவன் மேல் கோபப்படவும் வழி இல்லை. ஆனால் அவன் பல் தேய்க்கும்போதும் பேசுவான். போனில் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து பாடுவான். விளக்கை அணைத்த பிறகும் முன்னறையிலிருந்து குரல் வரும்: "மாமா, தூங்கிட்டீங்களா?" பதில் சொல்லாவிட்டால், "சரி, தூங்குங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்" என்று மறுபடி தொடங்குவான்.

ஒரு நாள் அக்கா முந்திரி வறுக்கும்போது அவன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். மிளகை இடித்துப் போட்டான், கொஞ்சம் தேன் விட்டான், அடுப்பை எப்போது அணைப்பது என்பதை மூக்கால் கண்டுபிடித்தான். ஒரு துண்டு வாயில் போட்ட தராசு, கேட்காமலே இன்னொன்று எடுத்தார். அவ்வளவுதான், சின்னவனுக்குத் தொழில் கிடைத்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் கடலை மூட்டை வந்தது. அடுத்து பாதாம் மூட்டை. ஜன்னல் திரையில் மிளகு நெடி ஏறியது. தராசு எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மூட்டைக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஊரின் பழைய சரக்குக் கொட்டகையை வார இறுதிச் சந்தையாக மாற்றியிருந்தார்கள். நடுவில் மேஜை போட்டு, கைவேலைப் பொருளோ வீட்டில் செய்த தின்பண்டமோ தோட்டத்துக் காய்கறியோ யார் வேண்டுமானாலும் விற்கலாம். ஓரமாகத் தினமும் திறக்கும் நிரந்தரக் கடைகள் இருந்தன. அவற்றில் மூலைக்கடை காலியாகியிருந்தது. அதில் இருந்த மெழுகுவத்திக்காரர் தம்பதி வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்கு மேலே ஓர் அறை, சின்னக் குளியலறை, ஒரு ஜன்னல். நடுவில் மேஜை போடுகிறவர்களில் ஒருவருக்கே அதைக் கொடுப்பது என்று சந்தை மேலாளர் முடிவு செய்திருந்தார். இந்த வாரம் சுற்றிவந்து பார்த்து, யார் மேஜையில் வியாபாரம் சூடாக நடக்கிறதோ அவருக்கு. சின்னவனும், கொட்டகையின் அந்தக் கோடியில் தேன் விற்கும் ஒருவரும்தான் போட்டி.

"தேன்காரருக்கு மூணு வருஷப் பழக்கம். நமக்கு மூணு மாசம்" என்றாள் அக்கா. மூட்டைகளோடு மூட்டைகளாக மூவரும் ஒரு சின்ன வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவன் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

தராசு தலையை ஆட்டினார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இன்னைக்கு நீங்க ஆபீசர் இல்ல. என் தம்பியோட மாமா. அவ்வளவுதான். யார் தராசையும் உத்துப் பாக்கக் கூடாது. போன தடவை வெள்ளரிக்கா வாங்கப் போன இடத்துல அந்த ஆள்கிட்ட என்ன கேட்டீங்க?"

"முத்திரை எங்கன்னு கேட்டேன்."

"வெள்ளரிக்காயே வேணாம்னு ஓட வச்சிட்டீங்க அவனை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இது அவனுக்குக் கெடைக்கலைன்னா அவன் உடைஞ்சி போயிடுவான். அப்புறம் நம்ம வீட்டை விட்டு எங்கயும் போகமாட்டான். அவனாப் போறேன்னாலும் நான் விடமாட்டேன். சொல்லிட்டேன்."

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். தராசு அதை மனதுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். அந்த மூலைக்கடைக்கு மேலே இருந்த ஜன்னலை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். அதன் பின்னால் சின்னவன் படுத்துப் பாடுவதையும் கற்பனை செய்திருந்தார். அது தேன்காரருக்குப் போவதைப் பற்றி அவர் நினைக்கவே விரும்பவில்லை.

சந்தை களைகட்டியிருந்தது. சின்னவன் மேஜையை விரித்து, பருத்தித் துணி போர்த்தி, குவியல் குவியலாகக் கொட்டினான். எலக்ட்ரானிக் தராசுக்குத் தகரத் தட்டு ஒன்று இருந்தது. அது அழகாக இல்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நேரே மரக்கடைசல்காரரிடம் போய், வழவழவென்று, வரி ஓடிய ஒரு கிண்ணத்தை வாங்கிவந்து தராசின் மேல் வைத்தான். ஜீரோ பட்டனை அழுத்தினான். எண் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்தது.

"எப்படி மாமா?"

"ம்."

"ம்னா நல்லாருக்குன்னு அர்த்தமா, இல்லையான்னு அர்த்தமா?"

"நல்லாருக்குன்னுதாண்டா அர்த்தம்" என்றாள் அக்கா. "நல்லா இல்லைன்னா அதுவும் சொல்லமாட்டார்."

பக்கத்து மேஜை கூடைக்காரம்மா சிரித்தார். கனத்த உடம்பு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். கோரையிலும் பிரம்பிலும் முடைந்த தட்டுகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில், தானும் ஒரு பெரிய கூடை போல உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பேசறாரே, காது வலிக்குமே" என்றார் அக்காவிடம்.

"அதுக்குத்தான் தம்பியைக் கூட வச்சிருக்கேன், சமன் ஆகட்டும்னு."

தராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். சோப்புகள், மண் ஜாடிகள், பின்னிய தொப்பிகள் எல்லாம் பார்த்தார். காய்கறி மேஜைகள் வந்தபோது கூரையைப் பார்த்தார். அப்படியும் ஓர் உருளைக்கிழங்குக்காரர் அவரை அடையாளம் கண்டு, தராசைத் துணியால் துடைத்து, நேராக்கி வைத்து, வணக்கம் சொன்னார். இவர் இன்னும் உயரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கடந்துபோனார். தேன்காரர் மேஜைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கூட்டம் அங்கே அப்படியொன்றும் இல்லை, ஆனால் விட்டு விட்டு ஆள் வந்துகொண்டே இருந்தது. பழகிய முகங்கள், பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள். இந்த மாதிரி வியாபாரம்தான் நிற்கும் என்று தராசுக்குத் தெரியும். மனதில் ஏதோ ஓர் ஓரம் கனத்தது. பிறகு கொட்டகைக்கு வெளியே ஒரு திண்டில் போய் உட்கார்ந்தார். எதிரே வெறும் செங்கல் சுவர். நெடுநாளைக்குப் பிறகு கிடைத்த சுவர். எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

இதற்கு நடுவில்தான் ஒரு பெண்மணி வந்திருக்கிறாள். பாதாம் வாங்கியவள், கிண்ணத்தைத் தடவிப் பார்த்து, "இதுவும் விக்கறதுக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். சின்னவனால் யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. "உங்களுக்குன்னா எடுத்துக்குங்க" என்று துடைத்துப் பொதிந்து கொடுத்துவிட்டான். அடுத்து நின்றவருக்கு நிறுக்க ஏதாவது வேண்டுமே. பழைய தகரத் தட்டு எந்த மூட்டைக்கடியில் போனதோ. கூடைக்காரம்மா கை நீட்டி ஒரு கோரைத் தட்டைக் கொடுத்தார். காய்ந்த அப்பளம் போல லேசான தட்டு. அதைத் தராசின் மேல் வைத்து, வேலையைத் தொடர்ந்தான். பட்டனை மறுபடி அழுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

தராசு திரும்பி வந்தபோது மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. முதலில் அவர் அது வேறு யாருடைய மேஜையோ என்றே நினைத்தார்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லி அனுப்பறாங்க மாமா!" சின்னவன் முகம் வேர்த்து மினுங்கியது. "போனவங்க திரும்பி வராங்க! அந்தத் தாத்தா ரெண்டாவது தடவை!"

"கைராசி" என்றாள் அக்கா, பைகளை மடித்தபடி. அவள் கன்னம் சிவந்திருந்தது. "இவன் கைல என்னவோ இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன், யாராவது கேட்டீங்களா?"

தராசு மேஜைக்குப் பின்னால் போய், ஒரு காலி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் கண் என்பது பழக்கப்பட்ட நாய் மாதிரி, தெரிந்த வாசலுக்குத் தானாகப் போய்விடுகிறது. ஒருவருக்கு நிறுத்து முடித்து, சின்னவன் வெறும் தட்டைத் திரும்பத் தராசின் மேல் வைத்தான். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தெரிந்தது. கழித்தல் குறி. கண் சிமிட்டுவதற்குள் பாதாம் விழுந்தது, கோடு மறைந்தது, எண் ஏறியது, வேண்டிய இடத்தில் நின்றது. சின்னவன் பையில் கொட்டினான். அந்தப் பை, இருக்க வேண்டியதைவிடப் பருத்திருந்தது.

அவருக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. தராசு இன்னும் மரக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டிருந்தது. அது கழிப்பது கிண்ணத்தின் கனத்தை, மேலே இருப்பதோ கோரைத் தட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் முந்திரியாகவும் பாதாமாகவும் மற்றவர் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கைப்பிடி இனாம். வரிசை வந்தது கைராசியால் இல்லை.

வாயைத் திறக்க ஒரு நொடி போதும். "பட்டனை அழுத்து" என்றால் முடிந்தது. சொன்னால் பைகள் இளைக்கும். இரண்டாவது தடவை வந்தவர் பையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பார். மேலாளர் வரும் நேரத்துக்கு வரிசை கரைந்திருக்கும். சொல்லாவிட்டால்?

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. குறைத்துக் கொடுத்தால்தான் குற்றம், கூடக் கொடுப்பவனைப் பிடிக்க எந்த விதியும் இல்லை. தவிர, இன்றைக்கு அவர் ஆபீசர் இல்லை. அவளே சொல்லியிருக்கிறாள். அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இத்தனை காரணங்கள் தேவைப்படுகின்றனவே என்பதுதான் அவரை உறுத்தியது.

நாளைக்கு இவன் இதே மாதிரி விற்றால் கடை எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எப்போதாவது எண்ணைச் சரியாக வைத்துவிட்டாலோ கூட்டம் ஏன் வரவில்லை என்று புரியாமல் முழிப்பான். ஆனால் அதற்குள் அவன் மேல்மாடி அறையில் இருப்பான். மூட்டைகளும் அங்கே போயிருக்கும். முன்னறை காலியாகும். அந்த எண்ணம் வந்தபோது அவர் உடம்பு தளர்ந்து, முதுகு மூட்டையில் சாய்ந்தது. அவர் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கு எப்போதுமே எளிதாக வந்தது. அன்றுதான் முதல் தடவையாக அது ஒரு வேலையைப் போலக் களைப்பாக இருந்தது.

"மாமா, சாயங்காலம் வரைக்கும் வரும்னு கொண்டுவந்தது இப்பவே அடி தெரியுது" என்றான் சின்னவன், மூட்டையைத் தலைகீழாக உதறியபடி.

"அப்படியா."

"சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சந்தோஷம்தான்."

கூடைக்காரம்மா இந்தப் பக்கம் சாய்ந்து, "அவருக்கு உள்ளுக்குள்ள குதிக்குது தம்பி. வெளிய தெரியாது. எங்க வீட்டு ஆளும் அப்படித்தான் இருந்தாரு. உள்ளயும் ஒண்ணும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சிது" என்றார்.

மேலாளர் வந்தது அப்போதுதான். குட்டை முடி வெட்டிய நடுத்தர வயது அம்மா, கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஓடுகிறவர்கள் போடும் காலணி. வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். வரிசையில் நின்ற தாத்தாவிடம், "என்னங்கய்யா, இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுப் பாருங்க, தெரியும். மனசாரக் கொடுக்கறான் பையன்."

மேலாளர் ஒரு முந்திரியை வாயில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார். இன்னொன்று எடுத்தார். சின்னவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரி.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மேலாளர். "ஆனா ஒரு விஷயம். போன வருஷம் ஒருத்தருக்குக் கடை கொடுத்து, எடைல புகார் வந்து, எனக்கு அசிங்கமாப் போச்சு. அதனால கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க." பேசிக்கொண்டே திரும்பியவர், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டார். "அட, சார்! நீங்களா? எங்க தராசுங்களுக்கெல்லாம் முத்திரை போட்டது நீங்கதானே?"

தராசு எழுந்து நின்றார்.

"எங்க மாமாங்க" என்றான் சின்னவன் பெருமையாக.

"அப்ப எனக்கு என்ன கவலை! நீங்க சொன்னாப் போதும் சார். இந்தக் கடை எடை சரிதானே?"

சுற்றிலும் சந்தைச் சத்தம். ஆனால் அந்த மேஜைக்குப் பின்னால் மட்டும் ஓர் அமைதி விழுந்தது. தராசுக்குப் பிடித்த வகை இல்லை அது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவளே அடைத்துவைத்த வாய், இப்போது திறந்தே ஆக வேண்டியிருந்தது.

"யாருக்கும் குறையல" என்றார்.

"இது போதும்" என்று மேலாளர் சிரித்தார். "வாங்க தம்பி, ஆபீஸ்ல போய்ப் பேசிடலாம். சாவியும் கையோட வாங்கிக்குங்க."

சின்னவன் ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து அவர் பின்னால் ஓடினான். பாதி தூரம் போய்த் திரும்பிவந்து, மாமாவை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி ஓடினான். தராசின் சட்டையில் மிளகுத்தூள் ஒட்டியது.

அக்கா அடுத்தவருக்கு நிறுக்கவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்படித்தானே கடைக்காரங்ககிட்ட சொல்வீங்க? தூக்கத்துலகூட அப்படித்தான் சொல்வீங்க. இன்னைக்கு ஏன் பாதியோட நிறுத்திட்டீங்க?"

அவர் மேஜைப் பக்கம் பார்த்தார். அவர் கண் போன இடத்தை அவள் பின்தொடர்ந்தாள். கோரைத் தட்டு. எண். எண்ணுக்கு முன்னால் இருந்த கோடு. அவள் குனிந்து பார்த்தாள். தட்டை எடுத்தாள். எண் மாறியது. திரும்ப வைத்தாள்.

"கிண்ணம்" என்றாள் மெதுவாக.

"ம்."

"எப்பலேருந்து தெரியும்?"

"வந்ததுலேருந்து."

"அப்ப அவன் கைராசி, அது இதுன்னு நான் குதிச்சப்பவும் தெரியும்."

"நீதான் பாக்கக் கூடாதுன்னே."

"அந்தக் காரணத்தை எடுத்துக்கிட்டு வராதீங்க." அவள் குரல் ஏறவில்லை. "நான் சொன்னா நீங்க எதைத்தான் கேட்டிருக்கீங்க? இதை மட்டும் கேட்டீங்களா? வீடு காலியாகணும்னு உக்காந்திருந்தீங்க. அதுக்கு என் பேச்சு ஒத்தாசையா இருந்துது."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கூடைக்காரம்மா தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, தன் கூடைகளை மும்முரமாக அடுக்கத் தொடங்கினார். வரிசையில் யாரோ செருமினார்கள்.

"இப்பப் போய்ச் சொல்லட்டுமா, அந்தம்மாகிட்ட?" என்றார் தராசு. மனதாரத்தான் கேட்டார். அவள் சரி என்றிருந்தால் போயிருப்பார்.

அவள் மேலாளரின் அறை இருந்த பக்கம் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்னவன் கைகளை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றாள். "அவன்கிட்டயும் சொல்லாதீங்க. எத்தனை தோத்திருக்கான். ஒரு தடவை ஜெயிச்சதா நெனச்சிக்கட்டும்."

"நாளைக்கு இதே மாதிரி வித்தான்னா கடை நிக்காது."

"தெரியும். அதுக்குத்தான் நான் போறேன்."

"எங்க?"

"கடைக்கு. தராசுகிட்ட நான் நிக்கறேன். அவன் வறுக்கட்டும், வந்தவங்ககிட்ட பேசட்டும். அவன் நிறுக்க வேணாம்."

"தினமுமா?"

"பின்ன, நல்ல நாள் பாத்தா? தினமும்தான்."

அவள் கை நீட்டிப் பட்டனை அழுத்தினாள். கோடு போய், பூஜ்யம் வந்தது. முதலில் நின்ற தாத்தாவுக்கு முந்திரி நிறுத்துக் கொடுத்தாள். அவர் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, காலைல தம்பி போட்டது இதைவிடக் கனமா இருந்துதே?"

"காலைல முதல் வியாபாரம்யா. ஒரு கை சேத்துப் போட்டிருப்பான்."

"அப்ப நான் ரெண்டாவது வந்ததுதான் தப்பு" என்று சிரித்துக்கொண்டே போனார் தாத்தா. அவருக்குப் பின்னால் இருந்தவர் கொஞ்சம் யோசித்து, சின்னப் பையே போதும் என்றார். அதற்கடுத்த இருவர் வரிசையிலிருந்து விலகிச் சோப்பு மேஜைக்குப் போனார்கள். சின்னவன் சாவியைச் சுழற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள், அவளும் வழி கேட்க வந்தவள்.

"எங்கக்கா எல்லாரும்?"

"மழை வரும்போல இருக்குடா. கெளம்பிட்டாங்க" என்றாள் அக்கா.

அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பிறகு மீதிக் கடலையைக் கூடைக்காரம்மாவின் மடியில் கொட்டி, "இதை வச்சுக்குங்க, தட்டுக்குப் பதிலா" என்றான். மேலே இருக்கும் அறையைப் பார்க்க மூவரும் ஏறினார்கள். படி குறுகல். அறை சிறியது, சுவரில் மெழுகுக் கறை இருந்தது. சின்னவன் இங்கே கட்டில், இங்கே அடுப்பு என்று கை காட்டினான். அக்கா அடுப்பு கீழேதான் இருக்க வேண்டும் என்றாள், புகை மேலே தங்கும். தராசு ஜன்னலருகில் நின்றார். வெளியே அவர் காலையில் பார்த்துக்கொண்டிருந்த அதே செங்கல் சுவர்.

"மாமா, அடிக்கடி வரணும் நீங்க. இங்க ஒரு நாற்காலி போடறேன் உங்களுக்கு."

"பாக்கலாம்" என்றார்.

திரும்பும்போது வேனில் அவள் முன்னால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலி மூட்டைகளோடு அவர் பின்னால் இருந்தார். முன்னால் அவர்கள் எந்தக் கடையில் மூட்டை வாங்குவது, கடையை எத்தனை மணிக்குத் திறப்பது என்று வீடு வரும்வரை பேசினார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே சின்னவன் மூட்டை முடிச்சோடு போய்விட்டான். முதல் சில மாதங்கள் கடை தள்ளாடியது, பிறகு நிமிர்ந்தது. இன்றும் அதே மூலையில்தான் நடக்கிறது. அன்றைய கூட்டம் மிளகின் பக்குவத்தால் வந்தது என்றுதான் அவன் இன்னும் எல்லோரிடமும் சொல்கிறான். அவனிடம் யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை. பின்னல் தொப்பி விற்ற பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்டான். மேல் அறையில் இருவரும் இருக்கிறார்கள். அவளும் நன்றாகப் பேசுவாளாம். தேன்காரர் தன் பழைய மேஜையிலேயே இருக்கிறார், அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. மேலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கூடைக்காரம்மா மகன் வீட்டோடு போனவர், ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். அக்கா காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறாள். கணவரிடம் அவள் கோபமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தராசு போன வருஷம் ஓய்வு பெற்றார். எடைக்கற்களை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். பகல் முழுவதும் வீட்டில் அவர் மட்டும்தான்.